மஞ்சப்பையைக் கவிழ்க்கச் சொல்வேன்

குடல் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வருகிறவர்களைப் பற்றி முதல் இரண்டு நாள் எனக்கு அவ்வளவு பயம் இருக்காது. வெட்டி இணைத்த இடத்தை அப்போது தையல் பிடித்து நிற்கும். அதற்குப் பிறகு உடம்பே புதுக் கொலாஜன், அதாவது திசுவை இறுக்கிப் பிடிக்கும் புரதநார், கட்டியாக வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் இணைத்த இடத்திலிருந்து குடலில் உள்ளது கசியும்; அந்தக் கசிவு தெரியவருவது பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள்தான்.

மதுரையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சர்ஜிக்கல் வார்டு நர்ஸ் நான். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வருகிறவர்களிடம் என்ன மருந்து சாப்பிடுறீங்க என்று கேட்டால், "சுகர் மாத்திரை மட்டும்தான் சிஸ்டர்" என்பார்கள். நான் அதோடு விடமாட்டேன். மஞ்சப்பையைக் கட்டில் மேல் கவிழ்க்கச் சொல்வேன். பழைய சீட்டு, விபூதிப் பொட்டலம், அதற்கடியில் மூட்டுவலிக்கு மெடிக்கலில் மடித்துக் கொடுத்த செட் மாத்திரை. அதில் ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேலூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர் அதை வருஷக்கணக்கில் விழுங்கியிருந்தார். ஸ்டீராய்டால் முகம் உப்பியிருந்ததை, தேறிவிட்டதாக வீட்டில் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அதைவிடப் பொல்லாதது, உள்ளே நடப்பதை மறைத்துவிடும். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் இல்லை, வயிறும் மெத்தென்றிருந்தது, இட்லி எப்போது தருவீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாடித்துடிப்பு மட்டும் 118. டாக்டருக்குப் போன் போட்டேன். ஸ்கேனில் கசிவு. மறுபடி தியேட்டர், குடலை வயிற்றுக்கு வெளியே திறந்து மலம் சேர ஒரு பை. இத்தனைக்கும் நடுவில் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. பல நாள் வெளியிலிருந்து வாங்கிப் பழகிய அட்ரினல் சுரப்பி தானாகச் சுரக்காமல் பிரஷர் விழுந்துவிடும். அதனால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தவர்கள் விஷயம் வேறு. மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்கு முன் ஐந்து வாரத்துக்கு மேல் தினம் கரண்ட் வைத்துவிட்டு, பிறகு சில வாரம் காத்திருப்பார்கள்; 5 நாளில் 25 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்து முடிக்கும் முறையும் உண்டு. தோல் கறுத்தது மாறிவிடும். உள்ளே சிறு ரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்குவது வருஷக்கணக்கில் நடக்கும். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு என்றைக்கோ கரண்ட் வைத்தவர் இன்று குடலடைப்பென்று வருவார். திறந்தால் குடல் வெளுத்து, விறைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். எங்கள் சர்ஜன் இணைக்கும்போது ஒரு முனையாவது கரண்ட் படாததாக இருக்க வேண்டும் என்று மேலே தள்ளிப் போவார். மலக்குடலில் தாழ்வாக இணைத்தால், மலம் அந்த இணைப்பைத் தொடாமல் வெளியே வர, தற்காலிக மலப்பையும் வைப்பார். சொந்தக்காரர்களுக்கு அந்தப் பைதான் பெரிய கோபம். எனக்கென்னவோ, அது இருக்கிற கட்டிலில் ராத்திரி டூட்டி பார்ப்பது நிம்மதி.

கீமோவோடு பெவாசிசுமாப் போட்டவர்களுக்குத் தேதி பார்ப்பேன். புது ரத்தக் குழாய் முளைக்காமல் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலை. புண் ஆறவும் அதே குழாய்தான் வேண்டும். கடைசி ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் குறைந்தது 28 நாள் இடைவெளி விட வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அப்பத்தா பையைப் பற்றிக் கேட்கவில்லை. முட்டி வலிக்கு என்ன என்றார். பாராசிட்டமால் எழுதியிருக்கு என்றேன்.

"அதுக்கெல்லாம் இது கேக்காது தாயி."

மகனைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்டீராய்டை எந்தக் கிழமை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்தேன். எலும்பு டாக்டருக்கும் ஒரு சீட்டு வாங்கிக் கையில் வைத்தேன்.