புதுநன்மைக் குழந்தைகளும் பெரியவர்கள் கையிலுள்ள போனும்

சின்னப் பிள்ளைகளை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று பள்ளியில் கூட்டம் போட்டால் பேச்சு உடனே பிள்ளைகள் கையிலிருக்கும் போனுக்குப் போய்விடுகிறது. எத்தனை மணி நேரம் கொடுக்கலாம், எந்த ஆப்பை எடுத்துவிடலாம், ராத்திரி பிடுங்கி வைக்கலாமா. சரி, அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (கிறிஸ்தவ விசுவாசப் பாடம்) வகுப்பு எடுக்கிறவளாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்க வைக்கிற அம்மாவாகவும் எனக்கு முதலில் பேசத் தோன்றுவது நம்ம போனைப் பற்றி. பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள்) குரூப், அன்பியம் (பங்குக்குள் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) குரூப், வகுப்பு குரூப், பள்ளியின் ஃபேஸ்புக் பக்கம் என்று பிள்ளைகளைப் பற்றி நாமே எவ்வளவு வெளியே கொட்டுகிறோம்!

ஏப்ரல், மே வந்தால் புதுநன்மை காலம், அதாவது பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழாக் காலம். எங்கள் பக்கத்தில் சோமனூர், கருமத்தம்பட்டி, அவிநாசி, திருப்பூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் பூசை முடிந்து பிள்ளைகள் கோவில் படி இறங்குவதற்குள் படங்கள் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். வெள்ளைக் கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுதிரியும் ஜெபமாலையும், பார்க்க அவ்வளவு அழகு, அதில் சந்தேகமே இல்லை. அதோடு நின்றால் பரவாயில்லை. வாழ்த்துப் போஸ்டர் என்று ஒன்று வருகிறதே, அதை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிள்ளையின் முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், படிக்கிற பள்ளி, வகுப்பு, அப்பா அம்மா பெயர், எந்த அன்பியம், ஞானத்தாய் ஞானத்தந்தை யார், கீழே ‘வாழ்த்தும்’ என்று மாமா சித்தப்பா பெயர்களோடு அவரவர் ஊரும் கம்பெனியும். முன்பின் தெரியாத ஒருத்தன் இதை வைத்துக்கொண்டு, ‘கண்ணு, உங்க மாமா கம்பெனியிலதான் நானும் வேலை செய்யறேன், அம்மாதான் பேசச் சொன்னாங்க’ என்று அம்மா பெயரையும் சேர்த்துச் சொல்லி ஒரு மெசேஜ் போட்டால், எட்டு வயதுப் பிள்ளை எதை வைத்து அவனைச் சந்தேகப்படும்?

பள்ளிகள் போடுகிற படங்களும் அப்படித்தான். ஓவியப் போட்டியில் பரிசு, விளையாட்டு விழாவில் கோப்பை என்று பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கும். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டை விரலால் பெரிதாக்கினால் சில படங்களில் ரத்த வகையிலிருந்து அப்பாவின் செல் நம்பர் வரை தெளிவாகப் படிக்க முடிகிறது. இதில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆபத்து, ஒரு சாதாரண முகப்படத்தை எடுத்து ஆபாசப் படமாக மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவு ஆப்கள். முன்பெல்லாம் பிள்ளையை ஏமாற்றி ஒரு படம் வாங்கினால்தான் மிரட்ட முடியும். இப்போது அதுகூடத் தேவையில்லை, பங்கின் பக்கத்தில் கிடக்கும் படமே போதும்.

படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சூலூரில் இருக்கும் அம்முச்சிக்கும் துபாயில் இருக்கும் சித்தப்பாவுக்கும் பேத்தியின் புதுநன்மையைப் பார்க்கும் ஆசை இருக்கத்தான் செய்யும். அவர்களுக்கு நேரடியாக அனுப்புங்கள். பங்கின் பக்கத்தில் போட வேண்டுமென்றால் பீடத்தைப் பார்த்து நிற்கும் பிள்ளைகளைப் பின்னாலிருந்து எடுத்த படத்தைப் போடலாம், தூரத்திலிருந்து எடுத்த கூட்டப் படத்தைப் போடலாம், பெயர் வேண்டாம். ஐடி கார்டைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்க அரை நிமிடம் ஆகுமா? பள்ளியோ பங்கோ, படம் போடும் முன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் பிள்ளையை ஓரங்கட்டவும் கூடாது. 2023 இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் இருக்கும் எல்லோரையும் குழந்தை என்றே வைத்து, அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ஒரு பிள்ளையின் முகத்தை ஊருக்குக் காட்டும் முன் அதன் வீட்டாரைக் கேட்பது அடிப்படை மரியாதை.

அடுத்தது சாயங்கால நேரம். திருப்பூர்ப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் அம்மா செக்கிங், அப்பா டெய்லர், ஆர்டர் நெருக்கம் என்றால் இரண்டு பேருக்கும் ஓவர்டைம். பிள்ளை நாலரை மணிக்கு வேனில் வந்து இறங்கும். வீட்டில் ஒரு போனை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், ஏனென்றால் வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம், பள்ளி திறந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் பல இடங்களில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதிக்கொடுக்காமல் போனில் அனுப்பிவிட்டு, ‘பிள்ளைங்க கையில போனைக் கொடுக்காதீங்க’ என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவுரை சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பெற்றோருக்குத்தான் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் அட்மின் மட்டும் போடுகிற குரூப்பாக வைத்து, கட்டணம், விடுமுறை, கூட்டம் என்று அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டுப்பாடம் பத்து நிமிடம், மீதி நேரம் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், இல்லையென்றால் ஷார்ட்ஸ். கேமில் மைக்கை ஆன் செய்தால் எதிரில் யார் பேசுகிறார்கள் என்று பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கேமில் காசு மாதிரி செலவழிக்கிற டைமண்டைக் காட்டி, ‘டைமண்ட் போட்டுவிடறேன், உன் வாட்ஸ்அப் நம்பர் சொல்லு’ என்கிற இடத்தில்தான் பல கதைகள் ஆரம்பிக்கின்றன. இன்ஸ்டாகிராமுக்குக் குறைந்தபட்ச வயது 13. அதற்கு மேல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ‘டீன் அக்கவுண்ட்’ என்று தானாகவே மூடிய கணக்காகத் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள், 16 வயதுக்குக் கீழ் என்றால் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும், இந்தியாவில் 2025 இல் இது வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அண்ணன் பிறந்த வருஷத்தைப் போட்டுக் கணக்குத் தொடங்கிய நாலாம் வகுப்புப் பையனுக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது. வீட்டில் விடும் போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸுக்குப் போய், குரூப்பில் சேர்க்கும் உரிமையையும் புரொபைல் படத்தையும் ‘என் தொடர்புகள்’ என்று மாற்றுங்கள், தெரியாத நம்பர்களிலிருந்து வரும் அழைப்பை சைலண்டாக்குங்கள். கேமில் வாய்ஸ் சாட்டை நிறுத்துங்கள். இவ்வளவையும் இன்றைக்கே செய்துவிடலாம்.

ஆனால் நம் சமூகத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ‘நம்ம பங்கு ஆளுதானுங்க’ என்று எல்லோரையும் நம்பிவிடுகிறோம். எங்கள் பள்ளிகளில் படிக்கும் பெரும்பாலான பிள்ளைகள் கத்தோலிக்கரே இல்லை, சிஸ்டர் ஸ்கூல் என்றால் பாதுகாப்பு, ஒழுக்கம் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற குடும்பங்கள் அவை. அந்த நம்பிக்கைக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒரு விதியில் மட்டும் யாருக்கும் விலக்கு கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. எந்தப் பெரியவரும் பள்ளிப் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் போடக் கூடாது. ஃபாதர், சிஸ்டர், டீச்சர், மறைக்கல்வி ஆசிரியர், பாடகர் குழுவை நடத்துகிறவர், பூசையில் உதவும் பீடச்சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அண்ணன், வேன் ஓட்டுநர், எல்லோருக்கும் இது பொருந்தும். பூசை உதவிக்கு வரச்சொல்ல வேண்டுமா, அப்பா அம்மா இருக்கிற குரூப்பில் சொல்லுங்கள். என் வகுப்புக்கு இருக்கும் குரூப்பில் பெற்றோர் நம்பர்கள் மட்டும்தான். நல்ல மனதோடு பழகுகிறவர்களுக்கு இந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயம். புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகள்தான் முதன்முதலாகப் பாவசங்கீர்த்தனமும் செய்கிறார்கள், அதாவது செய்த பாவங்களை ஃபாதரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்கள். பொய் சொல்வது பாவம், கெட்ட படம் பார்ப்பது பாவம், அப்பா அம்மா பேச்சைக் கேட்காதது பாவம் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படிக் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளை அம்மாவுக்குத் தெரியாமல் கேம் விளையாடும்போது, யாரோ ஒருத்தன் அசிங்கமான படத்தை அனுப்பிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் தனக்குத் தப்புச் செய்துவிட்டான் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றாது. ‘நான் பாவம் செஞ்சிட்டேன்’ என்றுதான் தோன்றும். கேட்காமல் போனை எடுத்தது ஒரு பாவம், பார்த்தது இன்னொரு பாவம், சொன்னால் அடி விழும், இயேசப்பா கோபித்துக்கொள்வார். வாயை மூடிக்கொள்ளும். அனுப்பினவனுக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனசு கேட்காமல் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் மட்டும் சொல்லிவிட்டு, சொல்லியாகிவிட்டது, முடிந்தது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே கேட்டதை ஃபாதர் யாரிடமும் வெளியே சொல்ல முடியாது, பெற்றோரிடமும் முடியாது, போலீஸிடமும் முடியாது, திருச்சபைச் சட்டம் அப்படி. ‘போய் அம்மாகிட்ட சொல்லு, பயமா இருந்தா வெளியே வந்து என்கிட்டயே ஒரு தடவை சொல்லு’ என்று அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லத்தான் அவரால் முடியும். இதை எட்டு வயதுப் பிள்ளை தானாகப் புரிந்துகொள்ளுமா? நாம்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அதனால் பாவசங்கீர்த்தனப் பாடம் எடுக்கும்போது இதைத் தனியாக நிறுத்திச் சொல்கிறேன். யாராவது உனக்கு அசிங்கமாக எதையாவது காட்டினால், அனுப்பினால், உன் படத்தைக் கேட்டால், அது அவர்கள் செய்த தப்பு, உன் பாவம் இல்லை, அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதே இல்லை, அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்ல வேண்டும். ஒரு தடவை அப்படிச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு குட்டிப்பெண் கையைத் தூக்கி, ‘கேக்காம போன் எடுத்திருந்தாலும் சொல்லலாமா டீச்சர்?’ என்று கேட்டாள். எடுத்திருந்தாலும் சொல்லலாம் கண்ணு, அதுக்குத் திட்டு வேற நாளைக்கு வாங்கிக்கலாம் என்றேன். வகுப்பே சிரித்தது, ஆனால் கேட்டவள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள். அன்றைக்கே அவள் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையிடம் மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெற்றோரிடம் நான் கேட்பதும் இது ஒன்றுதான். பிள்ளை வந்து சொல்கிற அன்றைக்கு அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள், ‘நீ ஏன் அதைத் திறந்தே’ என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அடுத்த தடவை சொல்லுமா சொல்லாதா என்பது அந்த முதல் ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடும்.

சொன்ன பிறகு என்ன செய்வது? பங்குக்குள் பேசி முடித்துக்கொள்வது, ஸ்கூல் பேர் கெட்டுவிடும் என்று மூடிவைப்பது, இரண்டும் கூடவே கூடாது. பாலியல் நோக்கத்தோடு குழந்தைக்கு ஆபாசத்தைக் காட்டுவதும், போனில் விடாமல் தொடர்புகொள்வதும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். அதே சட்டத்தின் 19 ஆம் பிரிவு, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை, நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. திருச்சபையும் இதில் பின்வாங்க இடம் வைக்கவில்லை. குருக்களும் துறவறத்தாரும் செய்யும் பாலியல் குற்றங்களைப் பற்றித் தெரியவந்தால் மேலிடத்துக்குத் தெரிவிப்பது மற்ற குருக்கள், துறவறத்தாரின் கடமை என்று 2019 இல் போப் பிரான்சிஸ் சட்டமாகவே போட்டார். கோவை மாவட்டக் காவல்துறை 2022 இல் தொடங்கிய ‘பள்ளிக்கூடம்’ திட்டத்தில் போலீஸாரே வகுப்புகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார்கள், பள்ளிகள் இப்படிப்பட்டவர்களைத் தாங்களாகவே கூப்பிட வேண்டும்.

மெசேஜை அழித்துவிடாதீர்கள், அனுப்பியவனின் நம்பர், ஐடி எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். ஆனால் பிள்ளையின் ஆபாசப் படம் என்றால், ஆதாரம் என்று சொல்லிக்கூட யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், அதைப் பரப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம், போனையே கொண்டுபோய்க் காட்டுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் குற்ற உதவி எண். படம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பரவுமோ என்ற பயம் இருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் நம் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறி மட்டும் போகும், அதை வைத்து அந்தத் தளங்கள் தேடி நீக்கும். வாட்ஸ்அப்பில் கைமாறுவதை மட்டும் அதனால் பிடிக்க முடியாது.

கம்ப்யூட்டரில் ஆர்வம் கொண்டிருந்த இத்தாலியப் பையன் கார்லோ அகுதிஸ் புனிதரானதிலிருந்து (2025 செப்டம்பர் 7) எங்கள் வகுப்புகளில் அவர் படம் தொங்குகிறது. இணையத்தின் புனிதர் என்று பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அவரைக் காட்டி ‘போனை நல்லதுக்குப் பயன்படுத்து’ என்று மட்டும் சொல்லி முடிப்பது போதாது. அவர் 15 வயதில் 2006 இல் இறந்துவிட்டார், அப்போது வாட்ஸ்அப்பும் இல்லை, இன்ஸ்டாகிராமும் இல்லை. வீடியோ கேம் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று அவரே தனக்கு வரம்பு வைத்திருந்ததாக அவர் அம்மா சொல்லியிருக்கிறார், அதையும் சேர்த்துச் சொல்லலாம். அப்படியும் அவருக்கிருந்த மன உறுதியை நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியாது, அந்த வரம்பைப் பெரியவர்கள்தான் வைக்க வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து முதல் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நான் கேட்கப்போகும் விஷயங்களை எழுதிவைத்துவிட்டேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் டைரியில் வர வேண்டும். படத்துக்கு எழுத்தில் சம்மதம். தனி மெசேஜ் யாரும் போடக் கூடாது. புகார் என்றால் எந்த டீச்சரிடம் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரியும்படி ஒரு பெயர். அப்புறம், பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் காலை ஜெபம் இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் கட்டணம் கட்டும் தேதிகள் இருக்கின்றன, அந்த ஜெபத்துக்குக் கீழே 1098 ஐயும் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லப்போகிறேன்.