வறண்ட மாதத்தில் எடுத்த கணக்கு

எங்கள் குடியிருப்பை ஒட்டியிருக்கும் சதுப்பு நிலத்தில் ஒரு பகுதியை மண் கொட்டி மேடாக்கி அடுக்குமாடி வளாகம் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நாங்கள் முதலில் செய்தது கையெழுத்து வாங்கியதுதான். நிறையப் பேர் போட்டார்கள். ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது கையெழுத்து இல்லை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை உட்கார்ந்து வரிவரியாகப் படித்ததுதான். சுருக்கம் மட்டும் படித்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், விஷயமெல்லாம் பின்னிணைப்பில் இருக்கிறது.

பறவைக் கணக்கெடுப்பு நடந்த தேதிகளை அங்கேதான் பார்த்தோம். எல்லாமே தண்ணீர் வற்றிய மாதத்தில், அதுவும் நடுப்பகலில். வலசை வரும் உள்ளான்கள் அப்போது இங்கே இருக்காது, முக்குளிப்பான் தண்ணீர் தேடி வேறு பக்கம் போயிருக்கும், தவளைச் சத்தமே கேட்காது. அந்தச் சமயத்தில் வந்து பார்த்துவிட்டு முக்கியமான உயிரினம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பாதி ஆண்டு காய்ந்து கிடப்பதால் இது ஈரநிலமே இல்லை என்றும் ஒரு பத்தி. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஈரநிலங்களைப் பாதுகாக்க 1971-இல் உருவான சர்வதேச ஒப்பந்தமான ராம்சர் உடன்படிக்கை, இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, எல்லாவற்றையும் ஈரநிலம் என்றுதான் வரையறுக்கிறது. அந்த வரையறையை அப்படியே எடுத்து எங்கள் மனுவில் சேர்த்தோம்.

அப்புறம் தண்ணீர்க் கணக்கு. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். அந்த இடத்தை மண்ணால் நிரப்பினால் அத்தனை தண்ணீரும் வேறெங்காவது போயாக வேண்டும். தாழ்வான தெருக்களில் இருப்பவர்களுக்கு அது எங்கே வரும் என்று தெரியும். வளாகத்துக்குள் போடும் வடிகால் எத்தனை அகலம், எத்தனை ஆழம் என்றெல்லாம் அறிக்கையில் விவரமாக இருந்தது, வளாகத்தின் சுவருக்கு வெளியே என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை.

இழப்பை ஈடுகட்ட வேறு இடத்தில் குளம் வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முறை என்னவென்றால் முதலில் பாதிப்பைத் தவிர்க்க வழி தேட வேண்டும், முடியாவிட்டால் குறைக்க வேண்டும், பிறகு கெட்டதைச் சீர்செய்ய வேண்டும், ஈடு என்பது கடைசியில்தான். இவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விட்டார்கள். மாற்று இடங்கள் பற்றிய அத்தியாயம் அரைப் பக்கம்கூட வரவில்லை.

கூட்டத்தன்று ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் தருவார்கள் என்பதால் கேள்விகளை முன்கூட்டியே பிரித்துக்கொண்டோம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திரும்பச் சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்வியோடும் பக்க எண்ணைச் சொன்னோம். வெள்ளம் புகுந்த வீட்டுப் பாட்டி ஒருவர், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் தேதியோடு படம் எடுத்துக் கொண்டுவந்தார்; அன்றைக்கு அதிகாரிகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது அதைத்தான். கிளம்புவதற்கு முன் கூட்டக் குறிப்பில் எங்கள் கேள்விகள் ஏறியிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்தோம். இரண்டு விடுபட்டிருந்தன, எழுதவைத்த பிறகுதான் வெளியே வந்தோம்.

திட்டம் நின்றுவிடவில்லை. மழைக்காலத்தில் மறுபடி கணக்கெடுக்க வேண்டும், சுற்றுவட்டாரத்தின் வெள்ள நிலையையும் ஆராய வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. கணக்கெடுப்பவர்கள் எந்த நாட்களில் வருவார்கள், விடியற்காலையில் வருவார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வருகிறவரை தினமும் இருவர் கரையில் நின்று பார்த்ததைத் தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறோம்.