அளவு டம்ளர்

“இனி ஒரு வேளை வயிறு நிறையச் சாப்பிட்டாரென்றால் உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்க மாட்டார்.”

இதைச் சொன்னது, மருத்துவமனையில் உணவியல் நிபுணராக இருக்கும் நான்தான். காலை ரவுண்ட்ஸ் முடிந்த நேரம். பக்கத்துக் கட்டில்காரர்களும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும் கேட்கும்படி சொன்னேன். ஐந்து வாரம் ஆகிறது. மருத்துவப்படி அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. இப்போது யார் கேட்டாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் காட்ட என்னால் முடியும். அப்படியிருந்தும் வீட்டில் சோறு வடிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, அதை வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீட்டுக்காரர் காசநோயோடு சனிக்கிழமை மாலை சேர்க்கப்பட்டார். நான் திங்கட்கிழமை காலையில்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரிவில் யாரும் கிடையாது. நோயாளி சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஊட்டச்சத்து நிலையைக் கணக்கெடுக்க வேண்டும் என்று படிவத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. சனிக்கிழமை மாலை வருகிறவருக்கு அந்த 24 மணி நேரம் எப்போதுமே திங்கட்கிழமைதான் தொடங்குகிறது.

கேஸ் ஷீட்டில் எடை 50 கிலோ என்றிருந்தது. யாரோ பார்வையால் போட்ட எடை. படுத்திருக்கிற மனிதர், கழுத்து வரை போர்வை, மூச்சு வாங்குகிறது. அவசரத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். நான் போர்வையை விலக்கினேன். நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய சதை பள்ளமாகியிருந்தது. மேற்கையின் சுற்றளவு 19 சென்டிமீட்டர். எத்தனை கிலோ இளைத்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. வீட்டில் எடை பார்க்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? “லுங்கி முன்பைவிட எத்தனை சுற்று வருகிறது?” என்று கேட்பேன். அவர் மனைவி முந்திக்கொண்டு, “ஒன்றரைச் சுற்று கூடியிருக்கிறது, மேடம். ஆயுதபூஜைக்குப் பிறகுதான்” என்றார்.

சிஸ்டரும் நானும் இரண்டு பக்கமும் நின்று, அவரை ஒரு நிமிடம் எடைக்கருவியில் நிற்கவைத்தோம். 36.6 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு 13.4. சவுகார்பேட்டைக் கிடங்குகளில் இருபது வருடங்களுக்கு மேல் மூட்டை தூக்கியவர். கருவியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு சிமென்ட் மூட்டை அளவுகூட இல்லையே” என்றார்.

கண்ணால் எடை போடுவதில் என்ன பெரிய தவறு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காசநோய்க்கான கூட்டு மாத்திரை எடைக்கு ஏற்பத்தான் கொடுக்கப்படுகிறது. 35 முதல் 49 கிலோ வரை நாளுக்கு மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. அவருக்கு நான்கு எழுதியிருந்தார்கள். எடையைச் சொன்னதும் டாக்டர் மூன்றாக மாற்றினார். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ கேட்பதும் இவ்வளவுதான்: குறியீடு 14-க்குக் கீழே இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எப்படி, எழுந்து நிற்க முடிகிறதா. எடைக்கருவி, நாடா, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, ஒரு கண், ஒரு வாய் போதும்.

அவருக்குக் காலில் வீக்கம் இருந்தது. சனிக்கிழமை குறிப்பில் அது இல்லை. அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“எப்போதிலிருந்து சாப்பிடுகிறார்?” என்று கேட்டேன். மூன்று வாரமாக டீயும் பன்னும்தான், அதுவும் பாதி என்றார் அந்த அம்மா. சனிக்கிழமை குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, பல நாளுக்குப் பிறகு, “பசிக்கிறது” என்று சொல்லியிருக்கிறார். புளியந்தோப்பு வீட்டுக்கு ஓடி, அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கிக் குழம்பு வைத்து, தூக்கு நிறையச் சோற்றோடு வந்திருக்கிறார் மனைவி. மதியம் இரண்டு தட்டு. இரவும் அதே. “நான் கண் குளிரப் பார்த்தேன், மேடம்” என்றார்.

பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துக் காலம் தள்ளுகிறது. இன்சுலின் அடங்கிக் கிடக்கும். திடீரென்று மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் இன்சுலின் எகிறும். இரத்தத்தில் மிச்சம் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் அது செல்களுக்குள் வாரிக்கொண்டு போய்விடும். இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகளில் பலர் சோறு கிடைத்த பிறகு இறந்ததிலிருந்து இது மருத்துவ உலகத்துக்குத் தெரியும். இதில் பொல்லாத விஷயம், இரத்த உப்புகளை அளக்க வழக்கமாக எடுக்கும் எலக்ட்ரோலைட் பரிசோதனையில் பாஸ்பரஸ் வராது. தனியாகக் கேட்டு எழுத வேண்டும். கேட்டு எழுதச் சொன்னேன். 1.4 வந்தது. குறைந்தது 2.5 இருக்க வேண்டும்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வழக்கமாக அந்த வயதுப் பெண்களை ‘அக்கா’ என்பேன். அன்று “இங்கே பாரும்மா” என்று தொடங்கினேன்.

அவர் அழவில்லை. கட்டிலுக்கு அடியில் கழுவி வைத்திருந்த தூக்கை முந்தானையால் மூடினார்.

என் பக்கத்து நியாயம் இது. அன்று மதியத்துக்கும் அவர் வீட்டிலிருந்து சோறு வரச் சொல்லியிருந்தார். மென்மையாகச் சொன்னால், ‘கொஞ்சம்தானே’ என்று ஊட்டிவிடுவார்கள். பதினோரு வருடத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். பசிக்கிறது என்று கணவன் கேட்கும்போது, படித்த ஒருத்தி வந்து கொடுக்காதே என்றால் எந்த மனைவி கேட்பாள்? பயம் ஒன்றுதான் உடனே வேலை செய்யும். வேலை செய்யவும் செய்தது. தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசி, நரம்பு வழியாகப் பாஸ்பேட், கிலோவுக்கு 10 கலோரி என்ற கணக்கில் நாளுக்கு 366 கலோரி. செவ்வாய்க்கிழமை 1.9, வியாழக்கிழமை 2.7. மூச்சு சீரானது. வீக்கம் வடியத் தொடங்கியது. அவர் பிழைத்தார் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

பிறகு யோசிக்கும்போது வேறு மாதிரி தெரிகிறது. சனிக்கிழமை எடை பார்க்காதது நாங்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றியது நாங்கள். பாஸ்பரஸ் கேட்காதது நாங்கள். மூன்று வாரம் பட்டினி கிடந்தவருக்கு முதலில் என்ன கொடுக்கலாம் என்று அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வீட்டில் இருந்தேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி, குற்றத்தை அவருடைய குழம்புச் சட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். அப்படிச் சொல்லவில்லை என்று வாதாடலாம். வாக்கியத்தில் குழம்பு இல்லைதான். தூக்கை மூடியவருக்குப் புரிந்தது அதுதான்.

டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மில்லி பால் கஞ்சி என்று எழுதிக் கொடுத்தேன். மில்லி என்றால் அவருக்கு எப்படித் தெரியும் என்று, அவர் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரிலேயே 50 மில்லி சிரிஞ்சால் இரண்டு முறை தண்ணீர் விட்டுக் காட்டினேன். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. அவர் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, டம்ளரின் உள்பக்கம் அந்த இடத்தில் ஒரு கோடு கீறினார். மெல்லிய, நேரான கோடு. புளியந்தோப்பில் காலையில் இட்லிக்கடை போடுகிறவர்; கைக்கணக்கில் தப்பாதவர். அதன் பிறகு எத்தனை முறை பார்த்தாலும் கஞ்சி அந்தக் கோட்டிலேயே நின்றது. அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்படி ஒரு துணை எல்லா நோயாளிக்கும் கிடைக்க வேண்டும் என்று சிஸ்டரிடம்கூடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அளவை இரட்டிப்பாக்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் அதே கோடு. நோயாளியிடம் ஒரு இட்லியை நானே நீட்டினேன். பாதி தின்றார். மீதியை மூடி வைக்கச் சொன்னார். “பசி இல்லையா?” என்றேன்.

“பசிக்கிறது. பயமாக இருக்கிறது” என்றார்.

ஐந்து நாளுக்கு முன்னால் சாப்பாடு உன்னைக் கொன்றுவிடும் என்று சொன்ன அதே வாய், இப்போது சாப்பிடாவிட்டால் நோய் குணமாகாது என்றால் எதை நம்புவார்? விளக்கினேன். இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினேன். டாக்டரைச் சொல்லவைத்தேன். எல்லாருக்கும் தலையாட்டினார்கள்.

அந்த வாரம் இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது இப்போது என்னைத் தூங்கவிடுவதில்லை. “நோன்பு திறக்கும்போது நாங்கள் முதலில் கஞ்சிதானே குடிக்கிறோம், மேடம். ஒரு பகல் பட்டினிக்கே அப்படி. அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்குமே.” உண்மைதான். பிள்ளை பெற்ற வீட்டில் யாரும் மறுநாளே விருந்து வைப்பதில்லை. பூண்டுக் குழம்பு, குழைந்த சோறு என்று பத்தியத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக மாற்றுகிறார்கள். பத்தியம் என்ற சொல்லுக்குள்ளேயே அது முடியும் நாளும் இருக்கிறது. ‘பத்தியம், அக்கா. பத்து நாள். அப்புறம் கறிக்குழம்பு’ என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு எளிது. அன்று அது என் நாக்கில் வரவில்லை. என் நாக்கில் வந்தது 1.4.

ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த மதியச் சோறு நின்றிருக்குமா? பத்தியத்தை மீறுவதும் நம் வீடுகளில் வழக்கம்தானே. ‘ஒரு கவளம்’ என்று தொடங்கி ஒரு தட்டில் முடிந்திருந்தால், இன்று நான் வேறொரு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன். அளவையும் சந்தேகிக்கிறேன். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2006-இல் சொன்ன கணக்கு கிலோவுக்கு 10 கலோரி, குறியீடு 14-க்குக் கீழே போனால் 5. அமெரிக்காவின் ஊட்டச்சத்து மருத்துவச் சங்கமான அஸ்பென் 2020-இல் 10 முதல் 20 வரை தொடங்கலாம் என்கிறது. நான் எடுத்த 10, நைஸ் கணக்கில் இவருக்கு அதிகம்; அஸ்பென் கணக்கில் பொருத்தமான எண்தான். எண்ணுக்காவது ஒரு வழிகாட்டி துணை நிற்கிறது. எண்ணோடு சேர்த்துக் கொடுத்த பயத்துக்கு எந்த வழிகாட்டியிலும் அளவு போடவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது 1,300 கலோரிக்கு எழுதிக் கொடுத்தேன்: முட்டை இரண்டு, வேர்க்கடலை, பருப்புச் சோறு, பால். காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. அதற்கான வங்கிக் கணக்கு விவரங்களை வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. இவருக்கு 5 சதவீதம் என்பது 1.8 கிலோ. 38.4-ஐத் தொட வேண்டும்.

போன வாரம் வந்தார்கள். 36.4.

முதலில் பார்த்த எடையில் கால் வீக்கத்தின் நீரும் சேர்ந்திருந்தது. அது வடிந்த பிறகும் 36.4 என்றால் சதை கொஞ்சம் பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யுமில்லை. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். அந்த அம்மா பையிலிருந்து டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தார். “நீங்கள் சொன்னதைத் தாண்டவே இல்லை, மேடம்” என்றார். பெருமையாகச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த தாளும் நான்காக மடித்து அதே பையில் இருந்தது.

சிற்றுண்டிச் சாலையிலிருந்து பால் வாங்கிவரச் சொன்னேன். “பத்தியம் முடிந்துவிட்டது, அக்கா” என்று சொல்லி, டம்ளரை விளிம்பு வரை நிரப்பி அவர் கையில் கொடுத்தேன். குடித்தார். நடுவில் நிறுத்தி, டம்ளரைச் சாய்த்து, பால் எங்கே நிற்கிறது என்று உள்ளே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

அவர் என்னைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி எடை பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.