அறை வாசலில் நழுவும் நினைவு

நேற்று மாலை கத்தரிக்கோல் எடுப்பதற்காக எழுந்து அடுத்த அறைக்குப் போனவன், எதற்கு வந்தோம் என்பதே தெரியாமல் அலமாரியின் முன் விழித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, மேசைமேல் பாதி கிழிந்த நிலையில் கிடந்த தபால் உறையைப் பார்த்த கணமே கத்தரிக்கோல் நினைவுக்கு வந்துவிட்டது. மறந்துபோனதாக நாம் எண்ணுபவற்றில் பல உண்மையில் அழிந்துவிடுவதில்லை. அவற்றை எட்டுவதற்கான குறிப்புதான் அந்த நேரத்தில் கைவசம் இருப்பதில்லை.

காடன், பேடலி என்னும் உளவியலாளர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்பெற்றது. முக்குளிப்பவர்களைக் கரையிலும் நீருக்கடியிலும் சொற்பட்டியல்களைக் கற்கச் செய்து சோதித்தபோது, கற்ற சூழலிலேயே நினைவுகூர்ந்தவர்கள் கூடுதலான சொற்களைச் சொன்னார்கள். அதற்காகத் தேர்வு எழுதுபவர் தேர்வறையிலேயே குடியிருக்க வேண்டும் என்பதில்லை. படித்த இடத்தை மனக்கண்ணில் கொண்டுவருவதே ஓரளவு உதவும்.

ஆனால் என் அனுபவத்தில், இதைவிடப் பெரிய பயன் தருவது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதுதான். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது பாடத்தைத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதோ, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களிடமே அதிகம் தங்கியிருந்தது. திரும்பத் திரும்ப வாசிக்கையில் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுவதால், எல்லாம் தெரிந்துவிட்டதென்ற மயக்கம் ஏற்படுகிறது. பல ஆண்டுகள் நானும் அதில் ஏமாந்தவன்தான்.

ஒருவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுக்கும்போது மட்டும் நான் மல்லுக்கட்டுவதில்லை. வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அது தானாக வந்து நிற்கும்.