வெள்ளி நானோ துகள் ஆய்வில் நான் வளையங்களை அளந்து கழித்த நான்கு மாதங்கள்

நுண்ணுயிரியல் முதுநிலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக, பாக்டீரியாக்களைக் கொல்லும் வெள்ளி நானோ துகள்களை நான் எடுத்துக்கொண்டேன். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்ற மதிப்பீடே என்னை இத்துறைக்கு இழுத்தது.

துகள் தயாரிப்பதில் பெரிய சிரமம் இல்லை. வெள்ளி நைட்ரேட்டுடன் சோடியம் போரோஹைட்ரைடு சேர்ந்ததும் கரைசல் மஞ்சளாகும். ஒளி உறிஞ்சலை அளக்கும் நிறமாலைமானியில் 400 நானோமீட்டரை ஒட்டி முகடு தெரியும். அதன் பின்னர் பாக்டீரியா பரப்பிய அகார் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) தட்டில் குழியிட்டு, கரைசலை ஊற்றி, குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தடுப்பு வளையங்களை அளப்பதிலேயே நான்கு மாதங்களைச் செலவிட்டேன். "இந்த வளையத்தை உண்டாக்கியது துகளா, அதிலிருந்து கரைந்து வந்த வெள்ளி அயனியா?" என்று என் வழிகாட்டி கேட்டபோது என்னிடம் விடை இல்லை. துகள்கள் அகாருக்குள் எளிதில் பரவமாட்டா என்பதால், வளையத்தின் அகலத்தைக் கொண்டு அவற்றின் திறனை ஒப்பிட இயலாது.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரையை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஆக்சிஜன் இல்லாத சூழலில், அயனி வெளியேற வழியின்றி, அதே துகள்கள் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொல்லவில்லை என்று அவர்கள் காட்டியிருந்தனர். தொடக்கத்திலேயே அதைப் படித்திருந்தால் என் ஆய்வுத் திட்டமே வேறாக இருந்திருக்கும்.

ஆகவே, இத்தலைப்பை எடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே ஒப்பீட்டுச் சோதனைகளைத் திட்டமிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். மில்லிலிட்டருக்கு 5 இலட்சம் பாக்டீரியாக்கள் கொண்ட திரவ ஊடகத்தில் துகளைச் சோதிக்கும்போதே, சம அளவு வெள்ளியுள்ள வெள்ளி நைட்ரேட், துகள்களை வடிகட்டி நீக்கிய நீர், துகளின் மேற்பூச்சுப் பொருள் ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும். துகள்களே ஒளியை உறிஞ்சிச் சிதறடிப்பதால் திரவத்தின் கலங்கலை அளந்து பாக்டீரியா வளர்ச்சியை முடிவு கட்டாமல், தட்டில் பரப்பி வளரும் பாக்டீரியாக் கூட்டங்களை எண்ணுவது பாதுகாப்பானது. இதில் உழைப்பு அதிகந்தான், ஆனால் குறுக்குவழி எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊடகத்திலுள்ள குளோரைடு வெள்ளி அயனியுடன் சேர்ந்து வீழ்படிவாகும், புரதங்களும் அயனியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஊடகத்தின் பெயரையும் உட்பொருள்களையும் எழுதாத ஆய்வு முடிவை வேறொரு முடிவோடு ஒப்பிட முடியாது.

மனித உயிரணுக்களுக்கு இத்துகள்கள் தீங்கு செய்யுமா என்று வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்; அச்சோதனைக்கு ஒரு மாதமாவது ஒதுக்கி வையுங்கள்.

சேமித்து வைத்த கரைசலில் அயனியின் அளவு நாளடைவில் மாறும். எனவே, தயாரித்த நாளையும் சோதித்த நாளையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தத் தேதிகள் இல்லாத மூன்று அட்டவணைகளை என் ஆய்வேட்டிலிருந்து நானே நீக்க நேர்ந்தது.