சலப்பை நிறைந்தால்தான் ஸ்கேன்

ஐந்தாறு மாதமாக இரவில் இரண்டு தடவை எழும்பிச் சலம் போகத் தொடங்கியிருந்தேன். வயது 56. எங்கள் பெரியப்பா சலம் அடைத்து, குழாய் போட்டபடியே கடைசிக் காலத்தைக் கழித்தவர், கட்டில் ஓரத்தில் அந்தப் பை தொங்கியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் பயந்து பயந்து நாளைக் கடத்தினேன். மனிசி விடவில்லை. டொக்டர் விசாரித்துவிட்டு, சீனி வருத்தத்தாலும் இப்படி வரலாம் என்று அதற்கு இரத்தம் எடுத்தார், அப்புறம் புரொஸ்டேட்டை, அதாவது ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியை, பார்க்க வயிற்று ஸ்கேனுக்குத் துண்டு எழுதித் தந்தார்.

ஒரு மணித்தியாலத்துக்கு முன் ஒரு லீற்றர் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் களுவாஞ்சிகுடியில் வீட்டிலேயே குடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஆரையம்பதி தாண்டும்போதே அடிவயிறு கனத்தது, கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன், மட்டக்களப்பில் இறங்கியதும் நேரே கழிவறைக்குத்தான் போனேன். பிறகென்ன, முதலிலிருந்து குடித்து இன்னும் ஒன்றரை மணித்தியாலம் காத்திருப்பு. தூரத்திலிருந்து வருபவர்கள் தயவுசெய்து அங்கே போய்ச் சேர்ந்த பிறகு குடியுங்கள்.

சலப்பை ஏன் நிறைந்திருக்க வேண்டும் என்று ஸ்கேன் செய்த டொக்டர் தங்கச்சியிடமே கேட்டேன். "ஐயா, குடலுக்குள்ள காத்து இருக்கு, அதுக்குள்ளால சத்த அலை போகாது. சலப்பை நிரம்பினா குடல் மேல ஒதுங்கிரும், தண்ணிக்குள்ளால பின்னுக்கு இருக்கிறது வடிவாத் தெரியும்" என்றார். பசை குளிராக இருந்தது. கருவியை அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே வைத்துக் கால் பக்கமாகச் சரித்து அழுத்தினார். நோவில்லை, ஆனால் நிறைந்த பையின்மேல் அழுத்தும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கன்னங்கரேலென்று இருந்தது சலப்பை. அதன் அடியில் சாம்பல் நிறத்தில், பெரிய கொட்டைப்பாக்கு அளவில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, விளிம்பு மழமழவென்று ஒன்று. அதுதான் புரொஸ்டேட். சலக்குழாய் அதன் நடுவாகப் போகிறது, அதனால்தான் அது பெருத்தால் சலம் நெருக்குமாம். சலப்பைக்குப் பின்னால் விந்துப்பைகள் இரண்டும் வண்ணாத்திப்பூச்சி சிறகை விரித்த மாதிரி. 56 வருடம் எனக்குள் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அகலம் 4.2, நீளம் 3.2, முன்பின் 2.9 சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கனவளவு வருமாம், எனக்கு 20 மில்லிலீற்றர் சொச்சம். 25, 30 வரைக்கும் சாதாரணம் என்றார். சலம் போய்விட்டு வந்ததும் மறுபடி பார்த்தார், 18 மில்லிலீற்றர்தான் மிச்சம். 50க்குக் கீழே என்றால் பயமில்லையாம். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப புற்றுநோய் இல்லைதானே?" என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. சுரப்பியில் ஏறக்குறைய 70 வீதம் வெளிவலயம், புற்று அதிகம் தொடங்குவது அங்கேதான், வயிற்றுக்கு மேலால் பார்க்கும்போது அது தெளிவாகப் பிரிந்து தெரியாது, தேவைப்பட்டால் மலவாசல் வழியாக மெல்லிய கருவி வைத்துப் பார்ப்பார்கள், அதற்கு முன் பி.எஸ்.ஏ. என்று, புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். ஸ்கேன் நல்லது என்றதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பேன், அவர் சொன்னது பெரிய உதவி.

வருகிற செவ்வாய்க்கிழமை இரத்தம் கொடுக்கப் போகிறேன். பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், 61 வயது, அவருக்கும் சலம் இழுபறிதான், இத்தனை நாளும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவருக்கும் துண்டு எடுத்தாயிற்று. தண்ணீர்ப் போத்தலை நானே கொண்டுவருகிறேன், அங்கே போய்த்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.