மூர் டொர்னாடோ: ஒருவழியாக மடிப்பு பிரிந்தது

2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரைச் சூறையாடிய டொர்னாடோ, கேடிஎல்எக்ஸ் வானிலை ரேடாரின் 0.5 டிகிரி சுற்றில் (கற்றை தரையை ஒட்டித் தாழ்வாகச் சுற்றும் சுற்று) இப்போதுதான் உருப்படியாகத் தெரிகிறது. வேகப் படத்தில் வடக்கே ரேடாரை விட்டு விலகிப் போகும் காற்று சிவப்பு, தெற்கே நெருங்கி வரும் காற்று பச்சை, இரண்டும் ஒட்டிக்கொண்டு. மூர் ரேடாருக்கு மேற்கே சுமார் 20 கி.மீ.தான் என்பதால் கற்றை அங்கே 200 மீட்டர் உயரத்தில் போகிறது. இவ்வளவு தாழ்வான தரவு கிடைப்பது அபூர்வம்.

பாடாய்ப் படுத்தியது மடிப்பு பிரிக்கும் வேலைதான். ரேடாரால் அளக்க முடிந்த உச்ச வேகத்தைக் காற்று தாண்டினால், எண் மடிந்து எதிர்க்குறியோடு தப்பாக விழும்; அதை நிமிர்த்துவதுதான் இந்த வேலை. அலைநீளம் 10 செ.மீ. சொச்சம், நொடிக்கு 1000 துடிப்பு என்றால் நைக்விஸ்ட், அதாவது அந்த உச்ச வேகம், 27 மீ/நொடியைத் தாண்டாது. துடிப்பைக் கூட்டலாமென்றால் ரேடார் பார்க்கும் தூரம் அடிபடும், 1000-க்கே 150 கி.மீ.தான். ஆக, உண்மையில் -40 இருக்கும் கேட் (கற்றையின் ஒரு சிறு அளவீட்டுத் துண்டு) +14 என்று பல்லிளிக்கும். ரேடார் தரவுக்கான பைதான் நிரல்தொகுப்பான பை-ஆர்ட் பெரிய பரப்புகளை அழகாகப் பிரித்துவிட்டது. சுழலுக்குள் ஒரு சின்னத் திட்டு மட்டும் தப்பான குறியோடு அழிச்சாட்டியம் பண்ணியது.

குற்றவாளி, மடிப்பு பிரிப்பதற்கு முன்னால் குப்பைத் தரவை நீக்கப் போடும் வடிகட்டி. ஒட்டுறவுக் கெழு (கற்றையில் படும் பொருள்கள் எவ்வளவு ஒரே மாதிரி என்று சொல்லும் எண்; மழைக்கு 1-ஐ ஒட்டி இருக்கும்) 0.9-க்குக் கீழே போனால் வெட்டு என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பூச்சி, பறவைக்குச் சரி. டொர்னாடோ தூக்கியடிக்கும் பலகையும் கூரைத் துண்டும் 0.8-க்கும் கீழேதானே வரும்! எதைப் பார்க்க வந்தோமோ அதையே வெட்டி எறிகிறது. நடுவில் ஓட்டை விழுந்தால் மிச்சமிருக்கும் கேட்களுக்கு அக்கம்பக்கம் இருக்காது. எந்த மடிப்பில் சேர்ப்பதென்று நிரலுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, ரேடார் அதே கோணத்தில் இரண்டு முறை சுற்றும்: கெழு முதல் சுற்றில், வேகம் இரண்டாம் சுற்றில். கற்றையின் திசைக் கோணமான அசிமுத்தைப் பொருத்தி ஒட்டவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அந்த இடைவெளியில் டொர்னாடோவும் நகர்ந்திருக்கும்.

கெழுவையே தூக்கிப் போட்டுவிட்டு வேகத்தின் டெக்ஸ்ச்சரை (அக்கம்பக்கத்து கேட்களுக்கிடையே வேகம் எவ்வளவு தாறுமாறாக மாறுகிறது என்பதை) மட்டும் வைத்து வடிகட்டினேன். அந்தக் கணக்கு வேகத்தைக் கோணமாக எடுத்துக்கொள்வதால் மடிப்பின் விளிம்பை இரைச்சல் என்று நினைக்காது. வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த, திட்டு வழிக்கு வந்தது. கெழுவை டொர்னாடோ குப்பையை அடையாளம் காண மட்டும் தனிப் படமாக வைத்திருக்கிறேன். அதுதான் அதற்குரிய இடம்.

இந்த ரேடாரின் அடிப்படைத் தரவான லெவல் 2 கோப்புகள், 1991 முதலானவை, அமேசான் கிளவுடில் இலவசம். காசெல்லாம் ஹார்ட் டிஸ்குக்குத்தான் போகிறது.

வேகத்திலிருந்து புயலின் நகர்வைக் கழித்துப் பார்ப்பது இன்னும் பாக்கி. ஆனால் கை அதற்குள் எல் ரெனோ டொர்னாடோ பக்கம் போய்விட்டது. 2013 மே 31, பதினோரு நாள் கழித்து, அதே ரேடார். தூரம் சுமார் 60 கி.மீ., கற்றை 700 மீட்டருக்கு ஏறிவிடும். இதே வரம்பு அங்கே எடுபடுமா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் கோப்புகளை இறக்கப் போட்டாயிற்று.